களப்பையும் கண்ணாக் காட்டையும் செய்மதியில் பார்க்க நிதி கேட்பவர்களுக்கு: திருகோணமலைக் கேள்விகள்

மூதூர், கிண்ணியா, நிலாவெளி, வெருகல் பக்கத்துச் சங்கங்களுக்கும் சில மாணவர்களுக்கும் நிதி விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். ஈரநிலங்கள் எப்படி மாறுகின்றன என்று செய்மதிப் படம் வைத்துக் கண்காணிக்கும் வேலை என்றால், வருகிற சந்தேகங்கள் எப்போதும் ஏறக்குறைய அதேதான். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. "செய்மதிப் படம் வாங்கத்தானே காசு கேக்கிறம்? ஒரு படம் எவ்வளவு வரும்?"

ஒரு சதமும் வராது. அமெரிக்காவின் லான்ட்சட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்கள் தொடக்கத்திலிருந்தே இலவசம். அவற்றை வைத்துக் கணக்குப் போட கூகுள் ஏர்த் எஞ்சின் இருக்கிறது. வணிக நோக்கம் இல்லாத வேலை என்று பதிவு செய்தால் அதற்கும் கட்டணம் இல்லை. வரைபடம் கீற கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள், அதுவும் சும்மா.

பிறகு எதற்குக் காசு? வள்ளத்துக்கும் எண்ணெய்க்கும். சேற்றில் இறங்கி, இந்த இடத்தில் நிற்பது கண்ணாவா (கண்டல் மரம்), நாணலா, வயலா என்று பார்த்து எழுதி வருகிற பிள்ளைகளின் நாட்கூலிக்கு. ஊரில் கூட்டம் வைக்க. ஒரு விண்ணப்பத்தில் "செய்மதிப் படக் கொள்வனவு" என்று மொத்தத் தொகையில் பாதியைப் போட்டிருந்தார்கள். இந்த வேலையை அவர்கள் தொட்டதே இல்லை என்பது மதிப்பீட்டாளருக்கு அந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடும்.

2. "எங்கட மாவட்டத்தில கண்காணிக்கிற அளவுக்கு என்ன இருக்கு?"

இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் கோபத்தை வரவழைக்கும், ஆனாலும் நியாயமானதுதான். 335 கிலோமீற்றர் ஓடி வரும் மகாவலி கடலோடு சேர்வது நம்முடைய கொட்டியாரக் குடாவில். அதன் ஒரு கிளை வெருகல் பக்கம் பிரிந்து போகிறது. வடக்கே முல்லைத்தீவு எல்லையில் கொக்கிளாய்க் களப்பு, 1951 முதல் பறவைகள் சரணாலயம். நிலாவெளிப் பக்கம் கரைச்சிக் களப்புகளும் உப்பளமும். தெற்கே உல்லைக்கழிக் களப்பு. கிண்ணியாவுக்குள் தம்பலகாமம் விரிகுடா, பிரித்தானியர் காலத்தில் முத்துக்காகத் தட்டைச் சிப்பி எடுத்த இடம். மகாவலியின் வெள்ளச் சமவெளியில் வில்லுகள், அதாவது வெள்ளநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீர்நிலைகள். இவற்றோடு சிறியதும் பெரியதுமாகக் குளங்கள்.

ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இலங்கையிலிருந்து ஆறு: பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. திருகோணமலையிலிருந்து ஒன்றும் இல்லை. இதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள், விண்ணப்பத்தில் எழுதுங்கள். பட்டியலில் உள்ள இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் வேலை செய்கிறார்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் கணக்கே இல்லை என்பதுதான் நீங்கள் காசு கேட்பதற்கான காரணம்.

3. "ஆர் காசு தருவினம்? பேரைச் சொல்லுங்கோ."

சங்கங்களுக்கு முதலில் நான் சொல்வது உலக சுற்றாடல் வசதியின் சிறு நிதித் திட்டம். 1992இல் தொடங்கியது, ஐநா அபிவிருத்தித் திட்டம் நடத்துகிறது. நாட்டுக்கு ஒரு தேசியக் குழு இருந்து தீர்மானிக்கும். ஒரு வேலைக்கு 50,000 டொலர் வரை என்பது நெடுங்காலம் இருந்த உச்சம். உச்சம் அது என்பதற்காக அதைக் கேட்க வேண்டும் என்றில்லை. உங்கள் பங்குக்கு உழைப்பாகவோ பொருளாகவோ என்ன போடுகிறீர்கள் என்றும் பார்ப்பார்கள்.

தனி ஆட்களுக்கு இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை நல்ல தொடக்கம். முதல் தடவை ஆறேழு ஆயிரம் பவுண் அளவில் கிடைக்கும். அதை ஒழுங்காக முடித்தால் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகலாம். அபுதாபியின் முகம்மது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் 25,000 டொலர் வரை தரும், ஆனால் அதற்கு ஓர் உயிரினத்தை மையமாக வைக்க வேண்டும். "தம்பலகாமத்து ஈரநிலம்" என்று கேட்டால் பொருந்தாது. ஈரநிலத்தை நம்பி வாழும் கொடுப்புலியை (மீன்பிடிப் பூனை) முன்னால் வைத்து, அதன் வாழிடம் எவ்வளவு சுருங்குகிறது என்று கேட்டால் பொருந்தும். நஷனல் ஜியோகிரபிக் சங்கமும் ஆய்வுகளுக்கு நிதி தருகிறது. நாட்டுக்குள்ளே தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது, அது ஆய்வாளர்களுக்கானது. தொகையும் நிபந்தனையும் மாறக்கூடியவை, ஆகவே விண்ணப்பிக்கிற அன்று அவர்களுடைய இணையத்தளத்தைப் பாருங்கள். என்னை நம்பி இருக்க வேண்டாம்.

4. "நான் தனி ஆள், சங்கம் ஒண்டுமில்லை. ஏலுமா?"

ரஃபோர்ட், முகம்மது பின் சாயித் இரண்டிலும் ஏலும். சிறு நிதித் திட்டத்தில் ஏலாது, பதிவுள்ள அமைப்பு வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிந்த சங்கமோ மீனவர் சங்கமோ உங்களோடு சேரச் சம்மதித்தால் வழி உண்டு. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், கடைசி இரண்டு வருசக் கணக்கறிக்கையும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல பேச்சுவார்த்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

5. "படத்தில எங்கட வாய்க்கால் ஓரத்துக் கண்ணா தெரியுமா?"

காணிக் கணக்கில் சொல்கிறேன். சென்டினல்-2 படத்தில் மிகச் சிறிய கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது ஏறக்குறைய 4 பேர்ச். லான்ட்சட் படத்தில் 30க்கு 30, அது 35 பேர்ச்சுக்குச் சற்று மேல். ஒரு கட்டத்துக்குள் பாதி தண்ணீர், பாதி மரம் என்றால் செய்மதி இரண்டையும் கலந்து ஒரே நிறமாகத்தான் தரும். ஐந்தாறு மீற்றர் அகலத்தில் வாய்க்கால் ஓரமாக நிற்கும் கண்ணா லான்ட்சட்டில் காணாமல் போய்விடும், சென்டினலில் மங்கலாகத் தெரியும்.

அதைவிட நுண்ணிய படம் காசுக்குக் கிடைக்கிறது. ஆனால் அது அவசியம் என்று நீங்கள் முதலில் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த ஓரத்தை வள்ளத்தில் போய்க் கையடக்கத் தொலைபேசியில் பதிந்து வருவது மலிவு, நம்பகமும் கூட.

6. "குளம் சுருங்கிட்டுது எண்டு ரெண்டு படம் போட்டுக் காட்டினாப் போதும்தானே?"

போதாது. வருகிற விண்ணப்பங்களில் பாதி விழுகிற குழி இதுதான். மழையில் பெரும்பங்கு நமக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழுகிறது. பிறகு கச்சான் காற்று வீசி எல்லாவற்றையும் காய வைக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரிப் படத்தையும் 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் படத்தையும் பக்கத்தில் வைத்தால் திருகோணமலையில் எந்தக் குளமும் அழிந்த மாதிரித்தான் தெரியும். மாரியை மாரியோடு, கோடையைக் கோடையோடு ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு வருசத்தை ஒரு வருசத்தோடு ஒப்பிடாமல் ஐந்தாறு வருசங்களைச் சேர்த்துப் பாருங்கள். அந்த வருசங்களின் மழைக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். 1981 முதலான மழை மதிப்பீடு சேர்ப்ஸ் என்ற இலவசத் தரவில் இருக்கிறது. குளத்து நீர்மட்டம் வேண்டுமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

தண்ணீரைப் பிரித்துக் காட்ட வழக்கமாகப் பாவிப்பது 1996இல் மக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்ச் சுட்டெண். பச்சை ஒளியில் தண்ணீர் கொஞ்சம் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். இந்த வித்தியாசம்தான் கணக்கு. ஆனால் குளத்தை சல்வீனியா என்ற மிதக்கும் களை மூடிவிட்டால் அந்தச் சுட்டெண் தரை என்று சொல்லும். குளம் நிறையத் தண்ணீர் இருக்கும், வரைபடத்தில் குளமே இருக்காது.

மறுபக்கமும் உண்டு. பெரும்போகத்துக்கு நீர் பாய்ச்சிய வயல் ஒக்டோபர், நவம்பரில் ஈரநிலமாகத் தெரியும். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் ஈரநிலம் பல மடங்கு பெருகிவிட்டது என்று நல்ல செய்தி சொல்ல வேண்டி வரும். களப்புகளில் இன்னொரு விசயம்: முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா, வெட்டித் திறந்திருக்கிறதா என்பதில்தான் நீர்மட்டம் தங்கியிருக்கிறது. எந்த நாளில் திறந்தது என்று மீனவர்களுக்குத் தெரியும். அந்தத் திகதிகளை எழுதி வாங்குவதற்கே ஒரு சிறு தொகை கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம்.

7. "மாரியில ஒரே மேகம். படமே கிடைக்காதே?"

சாதாரணப் படம் கிடைப்பது கஷ்டம்தான். 2014 முதல் பறக்கும் சென்டினல்-1 ராடார் செய்மதிகள் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும். அசையாத தண்ணீர் அந்தப் படத்தில் கறுப்பாக விழும், மரங்களுக்குக் கீழே வெள்ளம் நின்றால் பிரகாசமாகத் தெரியும். வெள்ள காலத்தில் மகாவலிச் சமவெளியைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கச்சான் பலமாக வீசும் நாட்களில் மட்டும் கவனம். அலை எழும்பிய தண்ணீர் ராடாரில் கறுப்பாக இல்லாமல் தரையைப் போல வெளிறித் தெரியும். ஆகவே கோடைக்குச் சாதாரணப் படம், மாரிக்கு ராடார் என்று பிரித்து எழுதினால் விண்ணப்பம் நம்பகமாக இருக்கும்.

8. "எந்த வருசத்தில இருந்து தொடங்கிறது?"

"முடிந்தளவு பின்னால்" என்று எழுத எல்லோருக்கும் ஆசை. முதல் லான்ட்சட் 1972இல் பறந்தது உண்மைதான். ஆனால் நம் பக்கத்துப் பழைய படங்களில் இடைவெளிகள் நிறைய. இருக்கிற வருசத்தையும் யோசித்து எடுக்க வேண்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. அதற்கு அடுத்த மாதங்களை அடிப்படையாக வைத்தால் கந்தளாய்க் குளம் பிறகு அதிசயமாக வளர்ந்ததாகக் கணக்கு வரும்.

சுனாமிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட விரும்புபவர்களுக்கு ஒரு தலையிடி: லான்ட்சட்-7இன் ஒரு கருவி 2003 மே 31இல் பழுதானது. அதற்குப் பிந்திய அதன் படங்கள் எல்லாவற்றிலும் வரி வரியாக வெற்றிடம், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இல்லை. 2004 டிசம்பருக்கு லான்ட்சட்-5 படம் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். மிகச் சுத்தமான தொடர் வேண்டுமென்றால் 2016, 2017க்குப் பிறகு சென்டினல். காலம் குறுகியதுதான், ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

9. "உலகக் கண்டல் வரைபடம் ஏற்கெனவே இருக்காமே. பிறகு நாங்கள் ஏன் மினக்கெடுவான்?"

மதிப்பீட்டாளரும் இதையே கேட்பார். உலகக் கண்டல் கண்காணிப்பு என்ற திட்டம் யப்பானிய ராடார் செய்மதிகளை வைத்து 1996 முதலான வரைபடங்களைத் தந்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதல் உலக மேற்பரப்பு நீரை 30 மீற்றர் கட்டத்தில் வரைந்திருக்கிறது. இரண்டும் இலவசம். அவற்றைத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.

அவற்றைத் தரவிறக்கி, உல்லைக்கழியிலோ கிண்ணியாவிலோ ஒரு நாள் முழுக்க வள்ளத்தில் போய், எங்கே பிழை என்று குறித்து வாருங்கள். ஐந்தாம் கேள்வியில் சொன்ன ஒடுங்கிய ஓரங்கள் அங்கே விடுபட்டிருக்கும். வெட்டியது யார், இறால் பண்ணைக்கா, விறகுக்கா, தானாகச் செத்ததா என்பது எந்த உலக வரைபடத்திலும் இராது. அந்த ஒரு நாள் பயணத்தின் படங்கள் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தால் மிச்சத்தைக் கவனமாக வாசிப்பார்கள்.

10. "ட்ரோன் ஒண்டு பட்ஜெட்டில போடட்டா?"

எல்லா இளைஞர்களும் கேட்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். நம் ஊரில் சீனன்குடாவில் விமானப்படைத் தளம், துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை. அனுமதி வராத பட்சத்தில் ட்ரோன் அலுமாரிக்குள் கிடக்கும், நிதி தந்தவர் அதை எங்கே பறக்க விட்டீர்கள் என்று கேட்பார். ட்ரோன் இல்லாமலும் வேலை நடக்கும்படி திட்டத்தை எழுதுங்கள்.

11. "ஆரிட்ட அனுமதி எடுக்கோணும்?"

படம் பார்க்க யாரிடமும் வேண்டாம். கால் வைக்கத்தான் அனுமதி. கொக்கிளாய்ச் சரணாலயம், புறாத்தீவு தேசியப் பூங்கா போன்றவற்றுக்கு வனசீவராசிகள் திணைக்களம். கண்ணாக் காடு பல இடங்களில் வனத் திணைக்களத்தின் பொறுப்பில். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களம். இவற்றோடு பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் ஒரு கடிதம். அனுமதிக்குச் சில மாதங்கள் போகும், அந்த மாதங்களைக் கால அட்டவணையில் காட்டுங்கள். ஜனவரியில் காசு, ஜனவரியிலேயே களப்பணி என்று எழுதாதீர்கள்.

12. "சம்பளம் போடலாமா? ரூபாயில எழுதவா, டொலரில எழுதவா?"

நாட்கூலி போடலாம், போடத்தான் வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் சும்மா வருவார்கள் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். திட்ட இணைப்பாளரின் மாதச் சம்பளமே மொத்தத்தில் பாதி என்றால் சிறு நிதிகள் மறுக்கும்.

நிதி தருபவர் கேட்கும் நாணயத்தில் எழுதி, எந்த நாளின் மாற்று வீதம் என்று அடியில் குறியுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அந்த வருசம் எண்ணெய் வரிசையில் களப்பணியே நின்றது. எண்ணெய்க்குத் தனி வரியும், விலை மாற்றத்துக்கு ஒரு சிறு ஒதுக்கீடும் வையுங்கள்.

13. "வரைபடம் 95 வீதம் சரி எண்டு எழுதட்டா?"

உங்கள் பரப்பில் 5 வீதம்தான் கண்ணா என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாவையும் காணாமல் "எங்கும் கண்ணா இல்லை" என்று சொன்னாலும் 95 வீதம் சரிதான். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே எவ்வளவு சரி, எவ்வளவு விடுபட்டது என்று அட்டவணை போட வேண்டும். வகைக்கு 50 சோதனைப் புள்ளி என்பது துறையில் பழகிப்போன அளவு.

இரண்டு வருசத்து வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மாற்றம் கணக்கிட்டால் பிழைகள் பெருகும். இரண்டும் தனித்தனியே 90 வீதம் சரி என்றால், சேரும்போது 81 வீதத்துக்குக் கிட்ட இறங்கலாம். "10 வீதம் அழிந்துவிட்டது" என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அழிவைவிடப் பிழை பெரிதாக இருக்கக்கூடும்.

14. "களப்பு செத்துப்போச்சு எண்டு மீனவர் சொல்லுகினம். படத்தில ஒரு மாற்றமும் இல்லை. ஆர் பொய்?"

ஒருவரும் பொய்யில்லை. செய்மதி பார்ப்பது தண்ணீரின் பரப்பை. மீனவர் சொல்வது ஆழத்தையும் உப்பையும். வண்டல் படிந்து ஒரு முழம் ஆழம் குறைந்தாலும் மேலே அதே நீலம்தான் தெரியும். இறால் குஞ்சு உள்ளே வரும் காலத்தில் முகத்துவாரம் அடைபட்டிருந்தாலும் படம் அதைச் சேதம் என்று காட்டாது.

இந்த முரண்பாட்டை ஒளிக்காமல் விண்ணப்பத்தின் நடுவிலேயே வையுங்கள். கம்பு ஊன்றி ஆழம் அளக்க, உப்புமானியால் மாதம் ஒருமுறை உப்புப் பார்க்க, பிடிபட்ட மீனை நிறுத்து எழுத ஊர் ஆட்களுக்கு நாட்கூலி கேளுங்கள். நான் பார்த்தவரையில் இப்படி எழுதியவை படத்தை மட்டும் நம்பியவற்றைவிட நன்றாகப் போயிருக்கின்றன.

15. "வரைபடம் கீறி வைச்சா, பிறகு எங்கட வயலையே காடு எண்டு வர்த்தமானி போட்டா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடக்கக் கூடாது. இடம்பெயர்ந்து பல வருசம் கழித்துத் திரும்பியவர்களின் வயல் பற்றைக்காடாகியிருக்கும். செய்மதிக்கு அது "இயற்கைத் தாவரம்". ஆறாம், பதின்மூன்றாம் பதில்களில் சொன்ன பிழைகள் ஒரு குடும்பத்தின் காணியில் வந்து விழுந்தால் அதைத் திருத்த வருசங்கள் போகும்.

ஆகவே வகைகளில் "கைவிடப்பட்ட வயல்" என்று ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதைப் பிரிக்க ஊர்ப் பெரியவர்களோடும் கமநல சேவை நிலையப் பதிவுகளோடும் ஒத்துப் பாருங்கள். மேய்ச்சல்தரைகளுக்கும் இதே கவனம். வரைபடத்தை வெளியிடும் முன் ஊர்க் கூட்டத்தில் தமிழில் காட்டித் திருத்தம் வாங்குவதாக விண்ணப்பத்தில் எழுதுங்கள், அதற்கு நாளும் காசும் ஒதுக்குங்கள். தனிக் காணி எல்லைகளை வரைபடத்தில் போட வேண்டாம்.

16. "ரெண்டு வருசத்தில காசு முடிஞ்சா?"

படம் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கும், யாராவது பார்க்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வு என்றால் மாணவர் பட்டம் பெற்றதோடு கணக்கும் போய்விடும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, பாடசாலைகளில் புவியியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்ட கட்டளைகளை எழுதி அவர்களிடம் ஒப்படைத்தால் வருசத்துக்கு இரண்டு நாள் வேலைதான். ஒப்படைக்கும் பயிற்சிக்கும் காசை முதல் வருசத்திலேயே ஒதுக்குங்கள், கடைசி மாதத்தில் மிஞ்சாது.

17. "போட்டது திரும்பி வந்திட்டுது. இன்னொருக்காப் போட்டால் கோவிப்பினமா?"

கோவிக்க மாட்டார்கள். முதல் தடவை கிடைப்பது அரிது. காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், சிலர் பதில் தருவார்கள். பதில் வராவிட்டால் ஆறாம், ஒன்பதாம் பதில்களை வைத்து நீங்களே சரிபாருங்கள். என்னிடம் வரும்போது விண்ணப்பத்தைவிட முக்கியமாக மூன்று சாமான் கொண்டு வாருங்கள்: உங்கள் களப்பின் ஒரு ஜனவரிப் படம், ஓர் ஓகஸ்ட் படம், முகத்துவாரம் திறந்த திகதிகளை எழுதிய ஒரு கொப்பி.